வலது பக்கம் மூடாத கோடுகள்

வீரபாண்டியில் நான் வேலை பார்க்கும் பிரிண்டிங் யூனிட்டில் டிசைன் அறை மாடியில் இருக்கிறது. கீழே நீள மேஜைகளில் பனியன் துணியை ஒட்டி வைத்து, சல்லடைச் சட்டத்தின் வழியாக மை இழுத்து அச்சடிப்பார்கள். அந்த மையின் வாசனை படியேறி வந்து எங்கள் அறையிலேயே தங்கிவிடும். அறையில் இரண்டு கணினிகள். ஒன்றில் நான். இன்னொன்றில், நான் சேருவதற்கு முன்பிருந்தே அங்கே உட்கார்ந்திருந்த ஒருவர். யூனிட்டில் எல்லோரும் அவரை அண்ணா என்பார்கள். தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்தவள் என்பதால் நான் எங்கள் வழக்கப்படி அண்ணே என்பேன். அவர் தன் ஊர் வழக்கப்படி என்னை அம்மிணி என்பார்.

சொந்த ஊர் குன்னத்தூர். ஐம்பதை நெருங்கிய வயது. முதலிபாளையத்தில் மனைவியோடு குடியிருந்தார். பிள்ளைகள் இல்லை. அந்த அக்கா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

எங்கள் வேலை என்ன என்று வெளியாட்களுக்குச் சொல்வது கஷ்டம். பனியனின் நெஞ்சில் ஒரு பூ அச்சாக வேண்டும் என்றால், அந்தப் பூ முதலில் கணினியில் கோடுகளாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வளைகோட்டின் முனையிலும் ஒரு புள்ளி இருக்கும். அதை நோடு என்போம். பையர், அதாவது துணி வாங்கும் கம்பெனிக்காரர், அனுப்பும் படத்தை எங்கோ ஒருவர் வேறு மென்பொருளில் வரைந்திருப்பார். எங்கள் மென்பொருளில் திறக்கும்போது அதன் கோடுகள் எல்லாம் துண்டுதுண்டாக வெட்டுப்பட்டிருக்கும். பார்வைக்கு இதழ் முழுசாகத்தான் தெரியும். நிறம் கொடுத்தால் மட்டும் பிடிக்காது. இரண்டு முனைகளும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருக்குமே தவிர ஒட்டியிருக்காது. ஒவ்வொரு இடமாகப் போய், மவுஸால் ஒரு கட்டம் இழுத்து இரண்டு நோடுகளையும் சேர்த்துப் பிடித்து, இணைக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். ஒரு பூங்கொத்தில் அப்படி நூற்றுக்கணக்கான இடங்கள் வரும். எல்லாம் மூடினால்தான் அச்சுக்கான ஃபிலிம் எடுக்க முடியும்.

அண்ணன் அந்த வேலையைப் பேசிக்கொண்டே செய்வார். வலது கை தன்பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருக்கும். வாய், மதியச் சாப்பாட்டைப் பற்றியோ குன்னத்தூர்ச் சந்தையில் மாடு வாங்கப் போய் ஏமாந்த மைத்துனரைப் பற்றியோ சொல்லிக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் காலையில் பல் விளக்கும்போது பிரஷ் அவர் கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழவில்லை. அக்கா பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். மூளையில் அடைப்பு என்றார்கள். உயிர் தப்பியது. குழறிய பேச்சு மெதுவாகத் திரும்பியது. காலும் திரும்பியது. வலது கை மட்டும் தோளிலிருந்து கனமாகத் தொங்கியது. விரல்களை மடக்குவார், ஆனால் ஒரு விரலை மட்டும் தனியாக அசைக்க முடியாது. மவுஸை அழுத்துவதற்கு அந்த ஒரு விரல்தான் வேண்டும்.

எங்கள் ஓனர் நல்ல மனுஷன். "ஊட்லயே உக்காந்திருந்தா மனுசன் இன்னும் ஒடஞ்சு போயிருவாருங்க. வரச்சொல்லுங்க. முடிஞ்சத செய்யட்டும்" என்றார். கம்பெனி வேன் முதலிபாளையம் வழியாக வரும். அதில் ஏறி அண்ணன் மறுபடி வர ஆரம்பித்தார்.

மவுஸை இடது பக்கம் மாற்றி வைத்தேன். அவர் கட்டம் இழுக்கப் போவார். கட்டம் வேறு எங்கோ விழும். பக்கத்துக் கோட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். திரும்ப விடுவார், திரும்ப இழுப்பார். முன்பு பேச்சோடு பேச்சாக முடிந்த ஒரு பூ, காலையில் ஆரம்பித்து டீ நேரம் தாண்டியும் ஒரு காம்பிலேயே நிற்கும். ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர் கீழிருந்து போன் போட்டு "ஃபிலிம் ஆச்சுங்களா" என்று கேட்பார். அப்போது அண்ணன் என் பக்கம் திரும்பாமல் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் அந்த ஃபைலை என் கணினிக்கு எடுத்து முடித்து அனுப்புவேன்.

நான் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்து பாதியில் நின்றவள். எங்கள் மென்பொருளுக்குள் நாமே சின்னச் சின்ன நிரல் எழுதி ஓடவிட வசதி உண்டு என்பது எனக்குத் தெரியும். அதுவரை அதைத் தொட்டதில்லை. முனைகளை மவுஸால் பிடிக்காமல் நிரலே தேடிப் பிடித்து இணைத்துவிட்டால், அண்ணனுக்குக் கீபோர்டில் ஒரு கட்டையைத் தட்டும் வேலை மட்டும்தான் மிஞ்சும். அதற்கு இடது கை போதும். அப்படித்தான் ஆரம்பித்தேன்.

யோசனை சுலபமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு முனையையும் மற்ற முனைகளோடு ஒப்பிடு. இடைவெளி ஒரு மயிரிழைக்குள் இருந்தால் இணைத்துவிடு. ஓடவிட்டால் பாதியில் பிழை என்று நின்றது. ஏன் என்று கண்டுபிடிக்கவே ஒரு வாரம் போல ஆனது. மென்பொருள் எல்லா நோடுகளுக்கும் வரிசை எண் வைத்திருக்கிறது. இரண்டை இணைத்தால் ஒன்று குறைந்துவிடும், அதற்குப் பின்னால் உள்ள எல்லா எண்களும் மாறிவிடும். என் நிரல் பழைய எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்த எண்ணில் யாரும் இல்லை. கடைசியிலிருந்து முன்னால் வரும்படி மாற்றியதும் ஓடியது.

ஒரு இலைப் படத்தில் போட்டுக் காட்டினேன். கட்டையைத் தட்டியதும் எல்லா இலைகளிலும் பச்சை நிரம்பியது. அண்ணன் சிரித்தார். நோய்க்குப் பிறகு வாய் ஒரு பக்கமாகக் கோணித்தான் சிரிப்பு வரும்.

"பரவால்லீங்களே அம்மிணி. நம்ம வேல போயிருமாட்ட இருக்குது" என்றார்.

"வேலய உங்களுக்குத் திருப்பிக் குடுக்கத்தாம்ணே இத எழுதுனேன்" என்றேன்.

சந்தோஷம் ஒரு மயில் படம் வரும்வரை நீடித்தது. மயில் தோகையில் மூன்று கோடுகளின் முனைகள் ஒரே இடத்தில் வந்து கூடும். அதில் எது எதோடு சேரும் என்று இடைவெளியை அளந்து சொல்ல முடியாது. என் நிரல் முதலில் அகப்பட்டதோடு சேர்த்துவிட்டது. தோகையின் கண் வளைந்து கழுத்தோடு போய் ஒட்டிக்கொண்டது. பார்த்ததும் எது எங்கே போக வேண்டும் என்று அண்ணனுக்குத் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. நிரலுக்குத் தெரிய வைக்கத்தான் வழியில்லை. கோடு வரும் திசையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்குப் பலித்த இடமும் உண்டு, பலிக்காத இடமும் உண்டு. கடைசியில் வேறு மாதிரி செய்தேன். சந்தேகமில்லாத இடங்களை நிரல் தானே இணைத்துவிடும். சந்தேகமான இடத்தில் நின்று, அந்த இடத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போடும். அண்ணன் பார்த்து, இந்தக் கோடா அந்தக் கோடா என்று ஒரு எண் கட்டையைத் தட்ட வேண்டும். ஒன்றும் செய்ய வேண்டாம் என்றால் சுழியம். நிரல் அடுத்த இடத்துக்குப் போகும்.

அது சரியாக வந்தது. அண்ணன் மறுபடி பேச ஆரம்பித்தார். இடது கை விரல்கள் எண் கட்டைகளில் இருக்க, மைத்துனர் கதையின் விட்டுப்போன பகுதியைச் சொன்னார்.

ஆனால் அவர் முடித்துத் தரும் ஃபைல்களில் சில இடங்கள் மூடாமலே வந்தன. பூவின் இடது பக்க இதழ்கள் எல்லாம் சுத்தமாக இருக்கும். வலது பக்கத்தில் அங்கங்கே கோடு திறந்து கிடக்கும், நிறம் பிடிக்காது. முதலில் தற்செயல் என்று நினைத்தேன். அடுத்த படத்திலும் வலது பக்கம்தான். அதற்கடுத்ததிலும் அப்படியே. நிரலில்தான் கோளாறு என்று முடிவு கட்டி வரி வரியாகப் படித்தேன். அகலத்தைத் தப்பாக எடுத்திருக்கிறேனா, பக்கத்தின் பாதியோடு சுற்று நின்றுவிடுகிறதா என்று தேடினேன். இணையத்தில் கேள்வி போட்டேன். யாரோ முன்பின் தெரியாதவர்கள் பதில் சொன்னார்கள். அவர்கள் சொன்னதையும் செய்தேன். என் கணினியில் ஓடவிட்டால் எல்லாம் சரியாக வந்தது. அண்ணன் கணினியில் மட்டும் வலது பக்கம் விட்டுப்போனது.

அவரிடமே கேட்டேன். "வலது பக்கத்துல எப்படிண்ணே விட்டுப்போகுது?"

"தெரீலீங்க. சில நேரம் வட்டமே வர்றதில்லீங்க. செரி, சந்தேகம் இல்லாத எடமாட்ட இருக்குதுன்னு சுழியத்தத் தட்டி உட்ருவனுங்க."

வட்டம் வராமல் நிரல் நிற்காது. அப்படித்தான் எழுதியிருந்தேன். "அடுத்த தடவ வராதப்ப எனக்குச் சொல்லுங்கண்ணே" என்றேன்.

அன்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு கூப்பிட்டார். "அம்மிணி, வாங்க. இப்ப பாருங்க, வட்டம் வரல."

நான் எழுந்து போய் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். திரையில் ஒரு செம்பருத்தி. அதன் வலது ஓரத்து இதழ் நுனியில் சிவப்பாக, கெட்டியாக வட்டம் இருந்தது.

"வரலதானுங்களே?" என்றார் அண்ணன், திரையைப் பார்த்தபடி.

"ஆமாண்ணே. என் நெரல்லதான் ஏதோ கோளாறு. நா பாக்கேன்" என்று சொல்லிவிட்டு என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். அவர் அடிக்கடி "இந்த மெயிலக் கொஞ்சம் படிங்க அம்மிணி, கண்ணாடி மாத்தோணும்" என்று சொன்னதெல்லாம் அப்போது நினைவுக்கு வந்தது. கண்ணாடிக் கோளாறாக இருக்கட்டும் என்று மனது அடித்துக்கொண்டது.

உறுதிப்படுத்திக்கொள்ளாமல் யாரிடம் என்ன சொல்வது. சின்னதாக இன்னொரு நிரல் எழுதினேன். வெற்றுத் திரையில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிவப்பு வட்டம் வந்து மறையும், அவ்வளவுதான். அண்ணன் கணினியில் அதைப் போட்டு, "நடுவுல இருக்க கறுப்புப் புள்ளியவே பாத்துட்டு, வட்டம் வந்ததும் கட்டையத் தட்டுங்கண்ணே. எங்க வரல, எங்க வருதுன்னு எனக்குத் தெரியணும்" என்றேன்.

அவர் தட்டினார். இடது பக்கம் வந்தபோதெல்லாம் தட்டினார். வலது பக்கம் வந்தபோது கை அப்படியே கட்டையின்மேல் காத்திருந்தது. நான் பக்கத்தில் நின்று இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன். வட்டம் வலது மேலே வரும், அவர் அமைதியாக இருப்பார். வலது கீழே வரும், அப்போதும் அமைதியாக இருப்பார். பரீட்சை எழுதுகிறவர் போலக் கவனமாக அந்தக் கறுப்புப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அம்மிணி, வட்டம் வந்துட்டுத்தான இருக்குது?"

நான் திரையையே பார்த்தேன்.

"சொல்லுங்க. பரவால்லீங்க."

"வருதுண்ணே" என்றேன்.

அவர் தலையை மெதுவாக வலது பக்கம் திருப்பினார். அப்போது அங்கே ஒரு வட்டம் வந்தது. தலையைத் திருப்பியதால் அது அவருக்குத் தெரிந்துவிட்டது. அதைப் பார்த்து, "ஆமாங்க" என்றார். நிரலை நிறுத்தக்கூடத் தோன்றாமல் நான் நின்றிருந்தேன். யாரும் பார்க்காத வட்டங்கள் வந்து வந்து போய்க்கொண்டிருந்தன.

சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்தேன். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "எனக்கு ஒரு சந்தேகம் இருந்துதுங்க கண்ணு. தட்டுல சோத்தப் பாதி வெச்சர்றாரு. போதுமான்னா இன்னும் கொஞ்சம் போடுங்கறாரு. தட்டுலயே கெடக்குது, அதத் திருப்பி வெச்சா சாப்புடறாரு. கதவு நிலவுல வேற இடிச்சுக்கறாரு. கை வராததுனால தடுமாறறாருன்னு நெனச்சேன்."

கோயம்புத்தூரில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஆஸ்பத்திரியில் சொல்வது புரியாமல் போய்விடும் என்று அக்கா என்னையும் கூப்பிட்டார். போனேன். ஒரு கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்து, ஒளிப்புள்ளி தெரிந்தால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் செய்ததைத்தான் அவர்கள் ஒழுங்காகச் செய்தார்கள். முடிவைத் தாளில் அச்செடுத்துக் கொடுத்தார்கள். இரண்டு கண்ணுக்கும் இரண்டு வட்டங்கள், இரண்டிலும் வலது பாதி கறுப்பு.

டாக்டர் இளவயதுப் பெண். பொறுமையாகச் சொன்னார். கண்களில் கோளாறு இல்லை. பார்த்ததை வாங்கிக்கொள்ளும் மூளைப் பகுதியில் அடைப்பின்போது சேதம். ஆரம்ப மாதங்களில் தானாகக் கொஞ்சம் திரும்பியிருக்கலாம். இனிமேல் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. தலையை வலது பக்கம் திருப்பித் திருப்பிப் பார்க்கப் பழக வேண்டும்.

அண்ணன் ஒன்றே ஒன்று கேட்டார். "வண்டி ஓட்டறதுங்க?"

"கூடாதுங்க ஐயா" என்றார் டாக்டர்.

கை சரியானதும் ஸ்கூட்டரை எடுக்கலாம் என்று அவர் நினைத்திருந்தது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் அவருக்கு வலது பக்கம் இருந்தது. அக்கா எழுந்து இடம் மாற்றிக்கொள்ளச் சொன்னார். "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

எனக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான். நிரலை மாற்றினேன். சந்தேகமான இடம் படத்தில் எங்கே இருந்தாலும், திரையே நகர்ந்து அந்த இடத்தைப் பெரிதாக்கி இடது பாதிக்குக் கொண்டுவந்து காட்டும்படி செய்தேன். எழுத ஒரு காலைப்பொழுது போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகு அண்ணன் முடித்த ஃபைல்களில் ஒரு கோடுகூடத் திறந்திருக்கவில்லை. ஓனர் மாடிக்கு வந்து பார்த்து, "இப்பிடியே ஓட்டிக்கலாமுங்க" என்றார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

வேன் அவரை இறக்கிவிடும் இடத்திலிருந்து வீட்டுக்குப் போக ரோட்டைத் தாண்ட வேண்டும். அந்த ரோட்டில் துணி மூட்டை ஏற்றிய வண்டிகள் நிற்காமல் ஓடும். ரோட்டில் இறங்கியதும் முதலில் வண்டி வருவது வலது பக்கமிருந்துதான். ஒரு நாள் சாயங்காலம் ஒரு மினி லாரி அவர் சட்டையை உரசிக்கொண்டு போனது. டிரைவர் இறங்கி வந்து இந்தியில் கத்தினார். அண்ணனுக்கு அடி படவில்லை. லாரி வந்ததையே அவர் பார்க்கவில்லை. சத்தம் கேட்டு நின்றதால் தப்பினார். எதிர்ப்பக்கம் கடையில் நின்றிருந்த அக்கா அதைப் பார்த்துவிட்டார்.

மறுநாள் அக்காதான் போனில் பேசினார். "இனி அனுப்ப மாட்டனுங்க கண்ணு. நீங்க தப்பா நெனச்சுக்காதீங்க. நானும் ஒருக்கா பாத்துட்டேன். அதுக்குமேல பாக்கறதுக்கு எனக்குத் தெம்பு இல்லீங்க."

வேனை வீட்டு வாசலுக்கே திருப்பச் சொல்லிக் கேட்டேன். அந்தச் சந்தில் வேன் திரும்பாது. ஓனர் ஒரு கணினியை அவர் வீட்டுக்கே அனுப்பிவைத்தார். அதையும் கொஞ்ச நாள் பார்த்தோம். நோடுகளை அவர் இணைத்துவிடுவார். ஆனால் ஃபைலோடு வரும் குறிப்புகளை அவரால் படிக்க முடியவில்லை. ஒரு சொல்லைப் படித்தால் அடுத்த சொல் வலது பக்கத்தில் காணாமல் போய்விடும். விரலை வைத்து நகர்த்தி நகர்த்திப் படித்து முடிப்பதற்குள் முதலில் படித்தது மறந்துவிடும். யூனிட்டில் படித்துச் சொல்ல நான் இருந்தேன். வீட்டில் பகல் முழுக்க யாரும் இல்லை. பையர் நிறம் மாற்றச் சொன்ன ஒரு குறிப்பு கவனிக்கப்படாமல் ஃபிலிம் வரை போய், நல்லவேளையாகக் கீழே பிடித்துவிட்டார்கள். ஓனர் அதற்காக அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஃபைல்கள் மட்டும் அவருக்குப் போவது குறைந்து, ஒரு கட்டத்தில் நின்றுபோனது.

இப்போது எல்லா ஃபைல்களும் என்னிடம் வருகின்றன. பக்கத்து நாற்காலிக்கு ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். அவளுக்கும் அந்த நிரலைச் சொல்லிக்கொடுத்தேன். வட்டம் ஏன் எப்போதும் இடது பக்கமே வருகிறது என்று கேட்டாள். பழக்கம் என்றேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்ததும் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு முதலிபாளையம் போனேன். அண்ணன் இடது கையால் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். லேப்டாப்பைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஒரு கொடிப் படம், குழந்தைகள் சட்டைக்கு. நான் திறந்து வைத்தேன். அவர் எண் கட்டைகளைத் தட்டத் தொடங்கினார். ஒவ்வொரு இடத்திலும் நிதானமாக நின்று, கோடு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துத் தட்டினார். பாதியில் கை நின்றது.

"இது ஏற்கெனவே அச்சுக்குப் போயிருக்குமேங்க, அம்மிணி?"

"போயிருச்சுண்ணே. போன வாரமே."

"நெனச்சேன். குழந்தைக துணி இந்நேரம் கப்பல்ல ஏத்தியிருப்பாங்கன்னு."

நான் லேப்டாப்பை மூடக் கை நீட்டினேன். "இருக்கட்டுங்க, இன்னுங் கொஞ்சந்தான" என்று சொல்லிவிட்டு அடுத்த வட்டத்தைப் பார்த்தார். உள்ளேயிருந்து அக்கா, "சாப்பாடு ஆயிருச்சுங்க, ரெண்டு பேரும் வாங்க" என்று கூப்பிட்டார். அவர் எழவில்லை. கொடியின் கடைசி இலைவரை போய், எல்லாம் மூடியிருக்கிறதா என்று ஒரு தடவை நிறம் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.